தன் கடனைத் தானே கட்டிய கார்டு

ஐம்பத்து நாலு வயதில் நான் பேரம் பேசாமல் பணம் கொடுத்தது இரண்டே முறை. முதல் முறை கல்யாண மோதிரத்துக்கு. கடைக்காரர் என் மனைவி மார்னியின் மாமா. பக்கத்தில் மார்னியும் நின்றிருந்தாள். இரண்டாவது முறை இந்த மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது.

எங்கள் வீட்டில் எல்லாருமே விற்கிறவர்கள். அப்பா டொலீடோவில் கம்பளம் விற்றார். பெரியப்பா பழைய கார். சித்தப்பா, செத்துப் போனவர்களின் வீட்டுச் சாமானை மொத்தமாக எடுத்து ஏலம் விடுவார். சாப்பிடும்போது உப்பைத் தள்ளு என்றால், பதிலுக்கு என்ன தருவாய் என்று கேட்கிற குடும்பம். நான் பழைய கருவிகளும் இயந்திரங்களும் விற்கிறேன். துளைபோடும் மெஷின், புல்வெட்டி, தையல் மெஷின், மின்சார ரம்பம், சாவி தொலைந்த பூட்டு கூட உண்டு.

கடை இருப்பது மூடிப்போன டயர் தொழிற்சாலையில் நடக்கிற வார இறுதிச் சந்தையில். அதில் என்னுடையது மூலைக் கடை. ஒரு பக்கம் ஹாட் டாக் வண்டி, மறு பக்கம் கழிப்பறைக்குப் போகிற வழி. சந்தைக்கு வருகிறவன் எவனும் என்னைத் தாண்டித்தான் ஆக வேண்டும். முதலில் ஒரு தடவை, சாப்பிட்ட பிறகு அவசரமாக இன்னொரு தடவை. நடுவரிசையில் ஒருவன் ஒரு நாளில் விற்பதை நான் பதினொரு மணிக்குள் விற்றுவிடுவேன். பத்தொன்பது வருஷமாக அந்த மூலை என்னிடம் இருக்கிறது. எதிரே கறுப்புக் கண்ணாடி விற்கிற ஓர்வில் பதினாலு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவனுடையது.

சந்தையை நடத்துவது மிஸஸ் ப்ரூயிட். எழுபது வயது, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக் கண்ணாடி. ஏப்ரலில் சந்தை திறக்கும். மார்ச் ஒன்றாம் தேதிக்குள் அந்த வருஷத்து இடவாடகை அறுநூற்றெண்பது டாலருக்கு அவரிடம் செக் கொடுத்துவிட வேண்டும். குளிர்காலம் முழுக்க வியாபாரமில்லாமல் நாங்கள் காய்ந்து கிடப்போம் என்பது அவருக்குத் தெரியும். அதனால் எல்லாச் செக்கையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்து, பதினைந்தாம் தேதிதான் வங்கியில் போடுவார். அந்தக் கருணைக்கு ஒரு விலை உண்டு. செக் திரும்பினால், மறுநாள் பகல் பன்னிரண்டுக்குள் ரொக்கமாகக் கொண்டுவர வேண்டும். அபராதம் முப்பத்தைந்து டாலர் தனி. ஒரு நிமிஷம் தாண்டினாலும் பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும். பட்டியலில் நாற்பத்தோரு பேர்.

இனி வங்கிக்கு வருகிறேன்.

போன அக்டோபரில் என் நடப்புக் கணக்கில் மூன்று டாலர் குறைந்தது. ஒரு காபி வாங்கியதுதான் காரணம். அதற்கு வங்கி முப்பத்து நாலு டாலர் அபராதம் போட்டது. என் கணக்கில் எப்போதுமே காசு மெலிந்துதான் இருக்கும். எங்கள் குடும்பத்தில் பணத்தை வங்கியில் தூங்க விடுவது சோம்பேறித்தனம். கையில் வந்தது சரக்காக மாற வேண்டும். நான் நேரே கிளைக்குப் போனேன். அங்கே டானிகா என்கிற அதிகாரி, முப்பது வயதுக்காரி, மேஜையில் ஒரு குட்டிக் கள்ளிச்செடி வைத்திருந்தாள்.

"அபராதத்தை இந்தத் தடவை எடுத்துடுறேன் சார். இனிமே வராம இருக்க ஒரு வழி இருக்கு. உங்க நடப்புக் கணக்கோட நம்ம கிரெடிட் கார்டைச் சேத்துக்கலாம். கணக்குல குறைஞ்சா கார்டுலேர்ந்து தானா வந்துடும். செக் திரும்பாது."

"இதுக்கு என்ன விலை?"

"விலைன்னு இல்ல. ஒவ்வொரு தடவை பணம் மாறும்போதும் பன்னெண்டு டாலர் கட்டணம்."

"ஆறு போட்டுக்க."

அவள் சிரித்தாள். "இது சந்தை இல்ல சார்."

"எல்லாமே சந்தைதாம்மா. சிலது குளுகுளுன்னு இருக்கும், அவ்வளவுதான்."

நான் எழுந்தேன். எழுந்து நிற்பது பேரத்தில் பாதி. கதவு வரைக்கும் போனேன். அவள் கூப்பிட்டாள்.

"சார், ஒண்ணு செய்யலாம். கார்டு பாக்கியை மாசாமாசம் பதினாலாம் தேதி உங்க நடப்புக் கணக்குலேர்ந்து முழுசா எடுத்துக்கச் சம்மதிச்சீங்கன்னா, அந்தப் பன்னெண்டும் கிடையாது."

"பூஜ்யமா?"

"பூஜ்யம்."

கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வாயில் பாட்டு. வங்கியிடமே பேரம் பேசிப் பன்னிரண்டைப் பூஜ்யமாக்கியவன் எங்கள் பரம்பரையில் வேறு எவன்? மார்னியிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறாள்; அவள் சம்பளம் வேறு வங்கியில், வீட்டு வாடகைக்குப் போகிறது. அதை நான் தொடக் கூடாது என்பது எழுதாத சட்டம்.

"பூஜ்யத்துக்கு எவனாவது எதையாவது விப்பானா வெர்ன்? நீ விப்பியா?" என்றாள்.

"நான் வங்கி இல்லையே."

"அதான் சொல்றேன்."

டிசம்பரில் எரிவாயு பில் வந்தது. கணக்கில் நாலு டாலர் குறைவு. கார்டு உதவிக்கு வந்தது. ஆனால் நாலு டாலரோடு வரவில்லை, நூறாக வந்தது. வங்கி நூறு நூறாகத்தான் மாற்றுமாம். பில் போக மீதித் தொண்ணூற்றாறு டாலர் கணக்கில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. கணக்கில் பணத்தைப் பார்த்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. ஓர் உளிப்பெட்டி வாங்கினேன். அடுத்த வாரம் பதினொரு டாலர் குறைந்தது. இன்னொரு நூறு வந்தது. அதன் மீதியில் ஒரு பழைய எடைத் தராசு. மார்ச்சுக்குள் இப்படி ஏழு நூறு வந்து போனது. இப்படிக் கார்டில் பணம் எடுத்தால் எடுத்த அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடுமாம். வருஷத்துக்கு நூற்றுக்கு இருபத்தொன்பது. கடையில் பொருள் வாங்கினால் கிடைக்கிற இருபத்தைந்து நாள் அவகாசமெல்லாம் இதற்குக் கிடையாது. நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இது இருந்தது, ஏழாம் பக்கத்தில். நான் மாதாமாதம் கணக்கு அறிக்கையில் ஒரே ஒரு வரியைத்தான் பார்ப்பேன். மாற்றுக் கட்டணம்: 0.00. பார்த்து, சிரித்து, மடித்து வைத்துவிடுவேன்.

ஜனவரி பதினாலாம் தேதி கார்டு தன் பாக்கியை வசூலிக்க நடப்புக் கணக்குக்கு வந்தது. கணக்கில் போதிய பணமில்லை. உடனே நடப்புக் கணக்கு யாரிடம் கை நீட்டியது? அந்தக் கார்டிடமே. கார்டு கொடுத்தது. கொடுத்த பணத்தை அது தன் பாக்கிக்கு என்று தானே வாங்கிக்கொண்டது. பிறகு என் கைப்பேசிக்கு ஒரு செய்தி அனுப்பியது: "உங்கள் தவணை கிடைத்தது. நன்றி." பிப்ரவரியிலும் அதே வட்டம், அதே நன்றி. கடன் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. வட்டி மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சதை போட்டது. நானோ, மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுகிற மனிதன் என்று என்னை நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மார்ச் ஒன்றாம் தேதி மிஸஸ் ப்ரூயிட்டிடம் செக் கொடுத்தேன். பதின்மூன்றாம் தேதி ஆறு தையல் மெஷினை ஒரு ஒட்டுத்துணிப் போர்வைச் சங்கத்துப் பெண்களுக்கு எழுநூறு டாலருக்கு விற்று, அந்தப் பணத்தை அப்படியே கணக்கில் போட்டேன். ஏற்கெனவே இருந்த பதினைந்தோடு எழுநூற்றுப் பதினைந்து. செக்குக்குப் போக மிச்சம் வேறு. நிம்மதியாக ஓர் ஏலத்தைப் பார்க்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை, பதினேழாம் தேதி காலையில் மிஸஸ் ப்ரூயிட் போன் செய்தார்.

"வெர்ன், உங்க செக் திரும்பிடுச்சு."

"வேற யாராவது வெர்னா இருக்கும் மேடம்."

"வெர்ன் ஹடாட், மூலைக் கடை, அறுநூத்தெண்பது. ரூல் தெரியுமில்ல? நாளைக்குப் பன்னெண்டு மணி. ஓர்வில் இப்பவே வந்து உக்காந்துட்டாரு."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே."

"அவருக்கும் சொன்னேன். பழகிக்கிறேன்ங்கிறாரு."

வங்கிக்கு ஓடினேன். டானிகாவின் கள்ளிச்செடி பூத்திருந்தது. அவள் திரையைப் பார்த்தாள்.

"உங்க கார்டு தவணை பதினாலாம் தேதி முழுசா வந்துடுச்சு சார். நன்றி."

"நன்றியை விடும்மா. என் எழுநூறு எங்க?"

"அதான் சார் தவணை. கார்டு பாக்கி எழுநூத்தெண்பது. கணக்குல எழுநூத்திப் பதினஞ்சு இருந்துச்சு. அறுபத்தஞ்சு குறைஞ்சுது. அதுக்குக் கார்டுலேர்ந்து நூறு வந்துச்சு."

"அதாவது, கார்டுக்குக் கட்ட கார்டே குடுத்துச்சு."

"கணக்கு அப்படித்தான் அமைஞ்சிருக்கு சார்."

"சரி. நான்தான் எழுநூத்தெண்பதும் கட்டிட்டேனே. மறுநாள் செக் வந்தப்ப அதே கார்டு ஏன் குடுக்கல? நாலு டாலருக்கு நூறு குடுத்த கார்டும்மா அது."

"பணமா எடுக்கிறதுக்குத் தனி வரம்பு இருக்கு. உங்களுக்குத் தொள்ளாயிரம். நீங்க கட்டினது அந்த வரம்புல திரும்பச் சேர அஞ்சு வேலை நாள் ஆகும். அதுவரைக்கும் நீங்க எடுக்க இருபது டாலர்தான் மிச்சம் காட்டும்."

"என் பணத்தை எடுக்க அரை நிமிஷம். எடுத்துட்டேன்னு ஒத்துக்க அஞ்சு நாளா?"

"வேலை நாள்," என்றாள் டானிகா, மெதுவாக. அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை. சுவரோடு பேரம் பேசுகிறவன்கூட ஏதாவது ஒரு இடத்தில் விரிசலைக் கண்டுபிடிப்பான். இவளோ நல்ல பெண், உண்மையாகவே உதவப் பார்க்கிறாள். "ஒண்ணு செய்யலாம் சார். உங்க வரம்பை இப்பவே ரெண்டாயிரத்து ஐந்நூறா உயர்த்த முடியும். பத்து நிமிஷத்துல எழுநூறு உங்க கையில."

மூலைக் கடை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஹாட் டாக் வாசனை கூட அடித்தது. பேனாவை எடுத்துவிட்டேன்.

"கட்டணம் எதுவும் கிடையாது சார்," என்றாள்.

பேனாவைக் கீழே வைத்தேன்.

"ரெண்டையும் பிரிச்சிடும்மா. கார்டு வேற, கணக்கு வேற. ஒண்ணு இருக்கிற பக்கம் இன்னொண்ணு தலை வெச்சுப் படுக்கக் கூடாது."

"பிரிச்சிடலாம் சார். அடுத்த மாசச் சுற்று முடிஞ்சதும் அமலுக்கு வரும்."

"சேர்க்கிறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "உடனே ஆயிடுச்சுல்ல."

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து என்ன விற்கலாம் என்று யோசித்தேன். பெரிய பொருள் ஒன்றுதான் இருந்தது, மேஜை ரம்பம். ஆயிரத்து நூறுக்கு ஒரு சென்ட் குறையாது என்று இலையுதிர் காலம் முழுக்கப் பிடிவாதமாக வைத்திருந்தது. கிரேடி என்கிற தச்சன் நாலு தடவை வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியாக எண்ணூறு வரைக்கும் ஏறினான். அந்த எண்ணூறைக் கேட்டு நான் சிரித்தேன். இப்போது அவனுக்குப் போன் செய்தேன்.

"ரம்பமா? இன்னும் போகலையா?" என்றான்.

"உனக்காகத்தான் வெச்சிருக்கேன். எண்ணூறுன்னே இல்ல? எடுத்துக்க."

அந்தப் பக்கம் மௌனம். அந்த மௌனம் எனக்குத் தெரியும். நான் முப்பது வருஷமாக மற்றவர்களுக்குக் கொடுக்கிற மௌனம் அது.

"வெர்ன், நீ யாருக்கும் போன் பண்ணமாட்டியே. வர்றவன் தானா வருவான்பே."

"இன்னிக்குப் பண்ணணும்னு தோணுச்சு."

"எவ்வளவு அவசரம்?"

"அவசரமெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்ப ஏப்ரல்ல சந்தையில வந்து பாத்துக்கறேன்."

"நாளைக்குக் காலையில வா கிரேடி."

"அறுநூறு."

அறுநூற்றெண்பதில் முடிந்தது. சனிக்கிழமை காலை பத்தரைக்கு அவன் வந்து ரம்பத்தை ஏற்றினான். ஏற்றும்போது விசில் அடித்தான். அது மட்டும் வேண்டியதில்லை.

இன்னும் முப்பத்தைந்து டாலர். என் பையில் ஆறு டாலர் இருந்தது. வண்டிக்குப் பெட்ரோல் போட்டாக வேண்டும். மார்னி அலமாரியிலிருந்து கண்ணாடி ஜாடியை எடுத்தாள். எங்கள் அடுக்ககத்துத் துணி துவைக்கும் மெஷினுக்குப் போடுகிற கால் டாலர் காசுகள். நூற்று நாற்பது எண்ணி ஒரு காலுறையில் கட்டிக் கொடுத்தாள்.

"இது கடனா?" என்று கேட்டேன்.

"இல்ல. ரெண்டு மாசம் துணியை நீ கையால துவைக்கிற."

மார்னி எங்கள் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டியவள்.

சந்தை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று நாற்பது. பழைய டயர்த் தொழிற்சாலையில் கூலி கொடுத்த கூண்டறைதான் அலுவலகம். ஓர்வில் சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். புதுச் சட்டை. பையில் எழுதி வைத்த செக் எட்டிப் பார்த்தது.

"வா வெர்ன். என் மூலைக் கடையைப் பாக்க வந்தியா?" என்றான்.

"சட்டை நல்லாருக்கு. பட்டியல்ல காத்து நிக்கவும் நல்லா எடுக்கும்."

மிஸஸ் ப்ரூயிட் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கிரேடியின் நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினார். "அறுநூத்தெண்பது. அப்புறம் முப்பத்தஞ்சு." மேஜையறையைத் திறந்து ஒரு காகிதம் எடுத்தார். "இந்த வருஷத்திலேர்ந்து ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம் வெர்ன். வாடகையை வருஷாவருஷம் உங்க வங்கிக் கணக்குலேர்ந்து தானா எடுத்துக்கிற மாதிரி கையெழுத்துப் போட்டீங்கன்னா, இந்த முப்பத்தஞ்சைத் தள்ளுபடி பண்ணிடலாம்."

"போடு வெர்ன், சும்மா குடுக்கறாங்க," என்றான் ஓர்வில். அவன் குரலில் வருத்தம் இருந்தது. தனக்கு ஏன் யாரும் இப்படிச் சொல்லவில்லை என்கிற வருத்தம்.

நான் காலுறையை அவிழ்த்து மேஜையில் கொட்டினேன்.

"முழுசாவே வாங்கிக்குங்க மேடம். முப்பத்தஞ்சு."

மிஸஸ் ப்ரூயிட் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்தில் நான் அவரிடம் ஒரு கப் காபிக்குக்கூட முழு விலை கொடுத்ததில்லை. பிறகு காசுகளை நாலு நாலாக அடுக்க ஆரம்பித்தார். முப்பத்து நாலு அடுக்கு முழுசாக நின்றது. கடைசி அடுக்கில் மூன்று. நாலாவதைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார்.

"இது கனடாக் காசு."

ஒரு பக்கம் மான் தலை. ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற காசு, எங்கள் ஊரில் எல்லா ஜாடியிலும் ஒன்றிரண்டு கிடக்கும். மணி பதினொன்று ஐம்பத்தேழு.

"மேடம், ஒரு கால் டாலர்."

"அறுநூத்தெண்பதும் ரூல்தான், கால் டாலரும் ரூல்தான். இன்னிக்கு உங்களுக்கு விட்டா நாளைக்கு நாப்பது பேர் வந்து நிப்பாங்க."

என் பையைத் துழாவினேன். ஆறு டாலரும் பெட்ரோலாகிவிட்டது. கையில் வந்தது என் அளவு டேப் மட்டும். எஃகு, இருபத்தைந்து அடி, நேற்றுத்தான் எண்ணெய் போட்டது. எந்தக் கடையிலும் பன்னிரண்டு டாலர். ஓர்வில் நாற்காலியில் சாய்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டேப்பை அவன் மடியில் வைத்தேன்.

"கால் டாலர்."

அவன் அதைப் பார்த்தான். இழுத்துப் பார்த்தான். விட்டான், சர்ரென்று உள்ளே போனது. கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடி டேப்பைப் பார்த்தான். அவன் முகத்தில் நடந்ததை எங்கள் தொழிலில் இருக்கிற எவனும் புரிந்துகொள்வான்.

"இருபது சென்ட்," என்றான்.

"இருபத்தஞ்சு."

"கொக்கி கொஞ்சம் ஆடுது வெர்ன்."

"அது ஆடணும். அளவு சரியா வர்றதுக்கு. கழுத்துல பூட்டு இருக்கு பாரு."

பூட்டைப் போட்டுப் பார்த்தான். எடுத்துப் பார்த்தான். பெரிய முள் நேராக நிற்கத் துடித்துக்கொண்டிருந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவைப் பார்த்துத் திரும்பினேன். இரண்டு அடி நடந்தேன்.

"இரு, இரு," என்று ஓர்வில் சட்டைப் பையில் கையை விட்டான். செக்குக்குப் பின்னாலிருந்து ஒரு கால் டாலர் வந்தது.

மிஸஸ் ப்ரூயிட் அதை வாங்கிக் கடைசி அடுக்கின்மேல் வைத்தார். ரசீதில் தேதி போட்டு, நேரமும் போட்டார். பதினொன்று ஐம்பத்தொன்பது.

ஓர்வில் இன்னும் டேப்பை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். "பன்னெண்டு டாலர் சரக்கு," என்றான் அவரிடம், பெருமையாக. அதற்குப் பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தான்.

வண்டியில் ஏறியபோது கைப்பேசி சிணுங்கியது. நடப்புக் கணக்கில் முப்பத்தைந்து டாலர் இருந்ததாம். செக் திரும்பியதற்கு வங்கி முப்பத்து நாலு எடுத்துக்கொண்டதாம். மிச்சம் ஒரு டாலர். கீழே இன்னொரு வரி. மாற்றுக் கட்டணம்: 0.00.